இடுப்பு முப்பது

ஜனவரி 9

அருமைத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், பிள்ளைகள், இரண்டு தையல் மிஷின்கள், எல்லோரும் சுகம். பழைய மிஷினுக்கு மட்டும் இருமல். உன் சுகத்தை எழுது.

நல்ல செய்தி. நம் பெரியவளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. செப்டம்பர் கடைசி ஞாயிறு. மாப்பிள்ளை பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறான். சிரித்தால் முப்பத்திரண்டும் தெரிகிறது, ஒளித்து வைக்கிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில், மயில்கழுத்து நிறத்தில், ஒரு முழு பீஸ் எடுத்துவிட்டேன். உனக்கு நீளச் சட்டை. அளவு அனுப்பு. போனில் சொல்லாதே. போனில் சொன்ன அளவுக்குத் தைத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். தவிர, போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

இன்னொன்று. அத்தை மகன் கல்யாணத்துக்கு உனக்குக் காய்ச்சல். மாமா மகள் கல்யாணத்துக்கு லாரி ஸ்டிரைக். லாரியே ஓடாத நாளில் லாரிக்கு எடை போடுகிறவளுக்கு என்ன வேலை என்று உன் அத்தான் இன்றுவரை கேட்கிறார். தம்பி கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது பெரியம்மா ஏதோ சொன்னாள் என்பதற்காக ஆறு வருஷமா? அவள் வாய்க்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. விட்டுத் தள்ளு. இது என் மகள் கல்யாணம். சித்தி இல்லாமல் போட்டோ எடுக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அன்புடன்
அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்று படித்தேன். மிஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடு, இருமல் நிற்கும். பெரியவளுக்கு என் முத்தம்.

அளவு: தோள் பதினான்கு, மேல்கை பதினொன்று, இடுப்பு முப்பது. பழைய அளவேதான். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். செப்டம்பரில் இங்கே சரக்கு வரத்து அதிகம்.

இங்கே ஒரு கூத்து. எங்கள் கிடங்கில் மூட்டை இறக்குகிற பெண்கள் ஒரு கயிறு இழுக்கும் அணி வைத்திருக்கிறார்கள். மற்ற கிடங்குகள், மில்கள் எல்லாவற்றோடும் ஜூலையில் போட்டி. எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர்தான் இருக்கிறார்கள். போன வாரம் அவர்களுடைய மேஸ்திரியம்மா என் எடை மேடை அறைக்குள் வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அப்புறம் நாற்காலியைச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தாள். "ரெண்டு வருஷமா இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டு இருக்கேன். இங்கயே ஒக்காந்திருந்தியா?" என்றாள்.

அது பாராட்டா, ஏச்சா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏச்சு என்றே எடுத்துக்கொண்டு மூன்று நாளாக அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன், இப்போது விக்கல்.

உன் அளவைப் பார்த்தேன். இடுப்பு ஆறு வருஷமாக முப்பது. கல்தூணே கோடையில் அரை நூல் விரியும் என்பார்கள். சரி, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கயிறு கியிறு என்று போய் நிற்காதே. கை தடித்துப்போகும். கல்யாணத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. நீ மனது வைத்தால் எவ்வளவோ செய்யலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பத்திரிகையில் 'எட்டு மாதம், எட்டு கிலோ' என்று ஒரு பக்கம் வந்தது, கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். வெந்நீர், நடை, ராத்திரிச் சாப்பாடு பாதி. கொஞ்சம் இளைத்து வந்து நின்றால் பெரியம்மா வாயும் அடைபடும், உனக்கும் போட்டோவில் நிற்கத் தயக்கம் இருக்காது.

வருகிறாயா இல்லையா, அதை நீ எழுதவில்லை.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கை, கால், முதுகு, நான் இதுவரை கேள்விப்படாத இடங்கள் எல்லாம் வலிக்கின்றன. மற்றபடி சுகம்.

நீ அனுப்பிய பத்திரிகைப் பக்கம் கிடைத்தது. என் அறை மேசை நாலு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. நாலாக மடித்துக் காலடியில் வைத்தேன், ஆட்டம் நின்றது. மிக்க நன்றி.

ஆமாம், கயிறு இழுக்கப் போனேன். நீ போகாதே என்று எழுதியிராவிட்டால் ஒருவேளை போயிருக்க மாட்டேன். வேலை முடிந்ததும் கிடங்கு முற்றத்தில் பயிற்சி. பழைய லாரி டயர்கள் ஆறைச் சேர்த்துக் கட்டி, அதில் கயிற்றைப் பூட்டி இழுக்க வேண்டும். முதல் நாள் டயர் வரவில்லை, என் செருப்புதான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர்களில் இரண்டு பேர் செருப்பு வழுக்கி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், சிரித்ததும் அவர்கள்தான். பிறகு எங்கே போவது?

என்னைக் கடைசி ஆளாக நிறுத்தியிருக்கிறார்கள். கடைசி ஆளுக்கு மட்டும் கயிறு கையில் இல்லை, உடம்பிலேயே. அக்குளுக்குக் கீழே விட்டு, முதுகில் குறுக்காக எடுத்து, தோள்மேல் போட்டு இறுக்க வேண்டும். குதிகாலை மண்ணில் குத்திக்கொண்டு பின்னால் சாய வேண்டும். "எவ்வளவு பலமா இழுக்கணும்?" என்று கேட்டேன். மேஸ்திரியம்மா சொன்னாள்: "இழுக்கறதுக்கு ஏழு பேர் இருக்காங்க. நீ இழுக்க வேணாம். நீ இரு. நீ இருந்தா போதும்."

அக்கா, நகரு, தள்ளு, ஒதுங்கு, உள்ளே இழு, மூச்சைப் பிடி, இதெல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரு என்று யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு அறைக்கு வந்து கொஞ்சம் அழுதேன். முதுகுவலியும் காரணம்.

தங்கை

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கார்டு வந்தது. 'கை தடித்தால் சட்டைக்கை இறங்காது. எச்சரிக்கை.' இரண்டே வரி. கரண்டு பில்கூட இதைவிட அன்பாக இருக்கும்.

போட்டிக்கு ஒரு விதி: அணியில் எட்டுப் பேரின் மொத்த எடை ஐந்நூற்று அறுபது கிலோவைத் தாண்டக் கூடாது. தனித்தனி எடை யாருக்கும் வேண்டாம், கூட்டுத்தொகைதான். எங்கள் ஊரில் எட்டுப் பேரை ஒன்றாக நிறுத்த எங்கே தராசு? என் மேடைதான். போன வாரம் ஒருநாள் மதியம் இரண்டு லாரிக்கு நடுவில் எட்டுப் பேரும் ஏறி நின்றோம். நான் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து நின்றேன். சீட்டில் 'வண்டி எண்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு சண்டை. 'கயிறு' என்று எழுதினேன். 'சரக்கு' என்ற இடத்தில் 'பெண்கள், நொறுங்கக்கூடியது அல்ல' என்று மேஸ்திரியம்மா எழுதச் சொன்னாள்.

ஐந்நூற்று நாற்பத்தைந்து. பதினைந்து கிலோ குறைவு! அந்தப் பதினைந்தை யார் ஏற்றுவது என்று ஒரே போட்டி. சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் வண்டி, சாப்பாட்டுக்குப் பின்னால் சரக்கு ஏற்றிய வண்டி என்று தினமும் இரண்டு முறை நிறுத்துப் பார்க்கிறோம். எடை போதவில்லை என்று என்னைப் பார்த்து ஒருவர் சொல்லி, அதை என் காதால் கேட்டுவிட்டேன். இனி என்ன ஆனாலும் பரவாயில்லை.

முதல் நாள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு நான் மட்டும் மேடையில் நின்றேன். ஒன்பது வருஷமாக அந்த அறையில் வேலை பார்க்கிறேன், அன்றுவரை ஒருநாளும் ஏறியதில்லை. பக்கத்தில் போகும்போது ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவேன். நின்றேன், எண் வந்தது, எண்பத்தைந்து. பூமி பிளக்கவில்லை. அடுத்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார், இறங்கி வந்துவிட்டேன். தம்பி எனக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தானே, அவனிடம் சொல். இங்கே ஒரு மூட்டை என்றால் நூறு கிலோ. நான் மூட்டை இல்லை. சீட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா, இவ்வளவும் எழுதியாகிவிட்டது, இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தினமும் கயிற்றில் கடைசியில்தான் நிற்கிறேன். பின்னால் நிற்பது எனக்குப் பழகின இடம், ஆனால் இங்கே அது என்னை மறைக்கிற இடம் இல்லை. அதனால்தான் இதை எழுதத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன். தம்பி கல்யாணத்தில் என்னைப் பின்னால் போகச் சொன்னது பெரியம்மா இல்லை.

தங்கை

ஜூன் 5

கொழுந்தியாளுக்கு அத்தான் எழுதுவது. நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உன் அக்கா பதில் எழுதுகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். வீட்டில் காகிதம் தீர்ந்துவிட்டது. துணி வெட்ட வைத்திருந்த மாதிரிக் காகிதத்திலும் எழுதிவிட்டாள். நேற்று ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் கழுத்தை வெட்டிப் பார்த்தால், மாதிரியில் 'அன்புத் தங்கைக்கு' என்று இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் தனியாகக் கார்டு எழுதுகிறேன்?

உள்ளூர்க் கயிறு இழுக்கும் போட்டியில் நான் ஒருமுறை கலந்துகொண்டேன். கயிறு போய்விட்டது, நான் அங்கேயே இருந்தேன். உன் அணிக்கு என் வாழ்த்துகள்.

அத்தான்

ஜூன் 22

என் தங்கைக்கு,

நீ சுகமா? நான் சுகமில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான்தான் சொன்னேன். "நீ பின்னால போடி, முன்னால நின்னா நாங்க யாருமே தெரியமாட்டோம்." எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சத்தமாகச் சிரித்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது. நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டேதான் பின்னால் போனாய். அதனால் உனக்கு ஒன்றும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்புறம் நீ வராமல் போனபோது எனக்குக் காரணம் தெரியும். தெரிந்ததால்தான் பழியைத் தூக்கிப் பெரியம்மா மேல் போட்டேன். அவள் வாய் எத்தனை பழியையும் தாங்கும் வாய், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்தப் போட்டோ நம் தையல் கடைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. நேற்று மிஷினை விட்டு எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். உன் இடது காது மட்டும் தெரிகிறது. கடைக்கு வருகிறவர்கள் என் உடன்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்பார்கள், நான் தம்பியைக் காட்டுவேன். ஆறு வருஷமாக உன் காதை யாருக்கும் காட்டவில்லை.

மன்னித்துவிடு. எட்டு கிலோ கதையெல்லாம் உன் மேசைக்கு அடியிலேயே இருக்கட்டும். எப்படி இருக்கிறாயோ அப்படி வா. வராவிட்டால் சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அழுவேன், அது வேறு.

அக்கா

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உடனே பதில் எழுதியிருந்தால் ஏதாவது கோபமாக எழுதியிருப்பேன். இப்போது கோபம் போய்விட்டது. எல்லாம் போகவில்லை, முக்கால்வாசி போய்விட்டது. மீதியை நேரில் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

ஜெயித்துவிட்டோம்! கடைசிப் போட்டி துணி மில் பெண்களோடு. முதல் இழுப்பு அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் எங்கள் ஆட்கள் வழுக்கிக் கயிறு சரசரவென்று அவர்கள் பக்கம் போனது. எனக்கு முன்னால் இருந்தவள் முழங்காலில் விழுந்துவிட்டாள். தோளில் கயிறு இறங்கியது. மேஸ்திரியம்மா "இரு! இரு! இரு!" என்று கத்தினாள். இருந்தேன் அக்கா. என் எண்பத்தைந்து கிலோவில் ஒரு கிலோவைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் மூச்சு வாங்கினார்கள், எங்கள் ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள், அப்புறம் ஒரே இழுப்பு. இத்தனை வருஷமாக நான் குறைசொல்லிக்கொண்டிருந்த தொடையும் இடுப்பும்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றின. நான் அவற்றிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீ கேட்டது மாதிரி.

பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. வாரம் ஒரு வீடாகச் சுற்றுகிறது.

சட்டையைத் தை. வருகிறேன். புது அளவு: தோள் பதினாறு, மேல்கை பதினைந்து, இடுப்பு முப்பத்தாறு. மறக்காமல் நோட்டில் மாற்றிக்கொள்.

தங்கை

ஆகஸ்ட் 18

அன்புத் தங்கைக்கு,

நீ வருகிறாய் என்று படித்ததும் கையில் இருந்த கத்தரி கீழே விழுந்து உன் அத்தானின் கால்விரலுக்கு அரை அங்குலத்தில் குத்தி நின்றது. அவர் சுகம்.

சட்டை இந்தப் பார்சலில். உன் அளவைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துவிட்டேன், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டேன், சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். துணி கொஞ்சம் போதவில்லை. அதே பீஸில் உன் அத்தானின் சட்டைக்கு மிச்சம் வைத்திருந்ததில் கை வைத்தேன். அவருக்குக் கைக்குட்டைதான் மிச்சம். போட்டுப் பார்த்து உடனே எழுது. இறுக்கமாக இருந்தால் உள்ளே தையல்துணி விட்டிருக்கிறேன், பிரித்துக்கொள்ளலாம்.

அக்கா

செப்டம்பர் 1

அக்கா,

சுகம், ஆனால் சிரித்துச் சிரித்து விலா வலி. இறுக்கமா? சட்டையைப் போட்டுக்கொண்டு நான் திரும்பினேன், சட்டை திரும்பவில்லை. எங்கள் அணியில் முதலில் நிற்கிறவள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாள், அவளையும் உள்ளே விட்டுப் பார்த்தோம். கழுத்து வழியாக இரண்டு தலையும் வந்துவிட்டன. மேஸ்திரியம்மா, "இது லாரிக்குப் போடற தார்ப்பாயா, கலர் நல்லா இருக்கே" என்று கேட்டாள்.

நான் எழுதியது முப்பத்தாறு. டேப்பு வைத்துப் பார்த்தேன், சட்டை நாற்பத்தாறு. உனக்குக் கண் மங்கிவிட்டதா? இன்னொரு சந்தேகம். நான் முப்பது என்று எழுதிய காலத்தில் நீ தைத்த சட்டை எல்லாம் எனக்குக் கச்சிதமாக இருந்தன. துணி தானாக இளகிக்கொடுக்கும் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொல்.

தங்கை

செப்டம்பர் 9

அடியே,

கண் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் முறை நீ முப்பது என்று எழுதியபோது, நீ இங்கே விட்டுப்போன பழைய சட்டையை எடுத்து அளந்தேன். முப்பத்தாறு. உன்னிடம் கேட்டால் நீ சட்டையே வேண்டாம் என்பாய். அதனால் நோட்டில் முப்பது என்று எழுதிக்கொண்டு, வெட்டும்போது ஆறு கூட்டி வெட்டினேன். ஆறு வருஷமும் அப்படித்தான்.

இப்போது நீ முப்பத்தாறு என்று எழுதினாய். நீ உண்மை எழுதுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை! பொய்யே முப்பத்தாறு என்றால் நிஜம் எவ்வளவு இருக்கும் என்று பயந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பத்து கூட்டினேன். பழக்க தோஷம். அத்தான் மூன்று நாளாகக் கைக்குட்டையைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்.

சட்டையை அங்கே யாரிடமும் கொடுத்துச் சின்னதாகப் பிடிக்காதே. அப்படியே கொண்டுவா. ஆறு வருஷமாக உன்னை டேப்பால் தொட நீ விட்டதில்லை.

அக்கா

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சுகமா? அவன் பல்லை மூடிப் பார்த்தீர்களா?

நீ அனுப்பிய போட்டோ நேற்று வந்தது. அந்த நிமிஷம் அப்படியே கண்ணில் நிற்கிறது. கேமராக்காரர் கையை ஆட்டி, "அந்த மயில்கழுத்துக் கலர் அம்மா கொஞ்சம் பின்னால..." என்று ஆரம்பித்தார். நம் வீட்டில் பதினொரு பேர் மயில்கழுத்து, ஆனால் யாரைச் சொல்கிறார் என்று பதினொரு பேருக்கும் தெரிந்தது. என் குதிகால் தானாகத் தரையில் அழுந்தியது. நான் நகர்வதாக இல்லை. நானே வாயைத் திறக்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் நீ, அதுவும் வாயில் இரண்டு ஊசியைக் கவ்விக்கொண்டே, கத்தினாய்: "அவ அங்கயேதான் இருப்பா. நீங்க ரெண்டடி பின்னால போங்க!"

அவர் போனார். இரண்டே அடி. எல்லோரும் படத்தில் அடங்கிவிட்டோம். பெரியம்மாகூட.

அன்றைக்குக் காலையில் கையைத் தூக்கச் சொல்லி நீ அளவெடுத்தபோது டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாய். சட்டை பிடிக்கப் பிடிக்கத் துணி மிச்சமாகி, அத்தானுக்கு ஒரு சட்டைக்கை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். மற்ற கைக்கு அடுத்த கல்யாணம் வரை பொறுக்கச் சொல்.

மீதிக் கால்வாசிக் கோபத்தை வந்த இடத்தில் திட்டித் தீர்க்க மறந்துவிட்டேன். போகட்டும்.

போட்டோவை எடை மேடை அறையில் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் கடிகாரம், இந்த வாரம் என் முறை. இன்று ஒரு லாரிக்காரர் சீட்டு வாங்க வந்தவர் படத்தை எட்டிப் பார்த்து, "இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். கேட்கிற கேள்வியைப் பார்.

"நடுவுல" என்றேன்.

இப்படிக்கு உன் தங்கை,
இடுப்பு முப்பத்தாறு, உன் டேப்பில் எடுத்தது.